லோக் என்று எழுதிய பை

சோஃபி நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள்.

ஒஸ்லோவில் அம்மருட் மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே, பள்ளத்தில், ஆளுக்கொரு துண்டு நிலம் தோட்டம் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் துண்டுக்கு அடுத்தது சோஃபியுடையது. ஒக்டோபர் சனிக்கிழமை. முந்திய இரவு உறைபனி விழுந்து பூசணிக்கொடி முழுவதும் கறுத்துத் தொங்கியது. நானும் என் கணவன் நிருஜனும் மிச்ச உருளைக்கிழங்கைக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்று வயது மகள் ஹம்சிகா மண்புழு பிடித்து வாளிக்குள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பார்னஹாகேயில், அதாவது பாலர் பள்ளியில், தன்னோடு படிக்கும் பிள்ளைகளின் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். நிருஜனின் அப்பா குலேந்திரன், அதாவது என் மாமா, ஜாக்கெற் பைக்குள் கையை விட்டுக்கொண்டு எங்கள் வேலைக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்.

"உதென்ன பிள்ளை கிண்டுற கிண்டு? கிழங்கை நடுவால வெட்டிப்போட்டாய்."

"நீங்கள் வந்து கிண்டுங்கோவன் மாமா."

"எனக்கு நாரிப் பிடிப்பு."

"வாய்க்கு ஒரு பிடிப்பும் இல்லை," என்றேன். நிருஜன் சிரிப்பை அடக்கினான். மாமி லண்டனில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனதிலிருந்து மாமா எங்களோடுதான் இருந்தார். அந்த வாரங்களில் எனக்கும் அவருக்கும் பேச்சு இப்படித்தான் போனது.

அப்போதுதான் சோஃபி வேலிக்கு மேலாக ஒரு கடதாசிப் பையை நீட்டினாள். தனக்கு மிஞ்சியது, இப்போது நட்டால் ஈஸ்டருக்கு மஞ்சளாகப் பூக்கும் என்றாள். பையில் கறுப்பு மையால் பெரிதாக ஒரே ஒரு சொல்: லோக். நோர்வே மொழியில் வெங்காயமும் லோக்தான், மண்ணுக்குள் புதைக்கிற பூங்கிழங்கும் லோக்தான். தோட்டக்காரிக்கு அது பூ. மாமா முப்பது வருடம் ஹோட்டல் குசினியில் அந்தச் சொல் எழுதிய சாக்குகளை அவிழ்த்து உரித்தவர். அவருக்கு அது வேறு என்னவாக இருக்க முடியும்?

நான் பையை வேலிக் கரையில் வைத்தேன். நிருஜன் அதைத் தூக்கி மரக்கறிப் பெட்டிக்குள் போட்டான். பிறகு மாமா குளிருது என்றார், பிள்ளையையும் பெட்டியையும் கொண்டு மேலே போனார். "நான் சமைக்கிறன். நீங்கள் முடிச்சுப்போட்டு வாங்கோ." பாத்தியைக் கொத்தி இலைச்சருகு பரப்பும் வரைக்கும் நாங்கள் இருவரும் சும்மா கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பூங்கிழங்கு நடவேண்டும் என்ற நினைவே வரவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் புளியும் வெந்தயமும் மணத்தது. கூடவே இன்னொரு மணம், வாந்தி மணம். சத்தி.

ஹம்சிகா குளியலறைத் தரையில் இருந்தாள். சட்டையெல்லாம் ஈரம். மாமா ஒரு துவாயால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குளிர் பிடிச்சிட்டுது. மண்ணுக்குள்ள புழுவோட விளையாட விட்டா வேறென்ன வரும்?"

நான் பிள்ளையைத் தூக்கினேன். காய்ச்சல் இல்லை. உதடு மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"என்ன சாப்பிட்டவள்?"

"சோறும் வெங்காயக் குழம்பும். நல்ல சின்ன வெங்காயம் கிடந்துது பெட்டிக்குள்ள. கொஞ்சம் கைச்சது, சீனி போட்டனான். நீங்களும் சாப்பிடுங்கோ."

நான் குசினிக்குப் போனேன். மேசையில் மண்ணிறத் தோல் குவிந்து கிடந்தது. பக்கத்தில் வெறும் பை. தோலை எடுத்து மணந்து பார்த்தேன். வெங்காய மணம் துளியும் இல்லை.

"மாமா, உரிக்கேக்க கண் எரிஞ்சதோ?"

"நோர்வே வெங்காயம் எங்க எரியிறது? இந்த நாட்டில எல்லாம் தண்ணிதானே."

"இது வெங்காயம் இல்லை. பூ. நஞ்சு."

நிருஜன் என் பின்னால் வந்து நின்றான். பையைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான். "இதை ஏன் அவள் உப்பிடி எழுதினவள்?" என்றான். அவன் வாயில் வந்த முதல் வசனம் அதுதான்.

"விசரி," என்றார் மாமா. "வெங்காயம் எண்டு எழுதி நஞ்சு குடுத்திருக்கிறாள்."

நான் ஃபோனை எடுத்தேன். நஞ்சு சாப்பிட்டால் கூப்பிடுகிற இலக்கம் எங்கள் பார்னஹாகே சுவரில் எல்லா அறையிலும் ஒட்டியிருக்கிறது. எனக்கு மனப்பாடம்.

"ஆருக்கு அடிக்கிறாய்?"

சொன்னேன். மாமா குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வை அதை. பேர் கேப்பாங்கள். பிள்ளைக்கு நஞ்சு குடுத்த வீடெண்டு எழுதுவாங்கள். நாளைக்குப் பார்னவார்ன் வந்து கதவில தட்டும். ரொம்மனில ஒரு வீட்டில வந்து பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போனது மறந்துபோச்சோ?"

"அப்பா சொல்லுறதையும் ஒருக்கா யோசி," என்றான் நிருஜன். "சத்தி எடுத்திட்டாள்தானே. வெளியில வந்திருக்கும். கொஞ்ச நேரம் பாத்திட்டு..."

"எதைப் பாக்கிறது?"

"அவளுக்கு வேலையே அதுதானேடா," என்றார் மாமா அவனைப் பார்த்து. "மற்ற ஆக்களின்ர பிள்ளையளை எழுதிக் குடுக்கிறது. இப்ப தன்ர பிள்ளையையும் குடுக்கப்போறாள்."

அது எனக்கு வைத்த குத்து. நான் பார்னஹாகேயில் ஆசிரியை. போன மாரியில் ஒரு பிள்ளைக்காகக் பார்னவார்னுக்கு, அதாவது குழந்தைகள் நலப் பிரிவுக்கு, எழுதினேன். தமிழ்க் குடும்பம். கதை ஒஸ்லோ முழுக்கச் சுற்றி மாமாவின் காதுக்கும் வந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படத்தை மாமாதான் ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். படிப்பு படத்தில் இருந்தால் அவருக்குப் பிடிக்கும். வாயைத் திறந்தால் பிடிக்காது.

"விலத்துங்கோ மாமா."

அவர் விலகவில்லை. நான் அங்கேயே, அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு இலக்கத்தை அழுத்தினேன். தோளில் ஹம்சிகா மறுபடியும் சத்தி எடுத்தாள். வெறும் நீர்.

எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். என்ன கிழங்கு, எப்போது, பிள்ளைக்கு எத்தனை வயது, எத்தனை தரம் சத்தி. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னிடம் இல்லை. எவ்வளவு சாப்பிட்டாள்?

"எவ்வளவு சாப்பிட்டவள் மாமா?"

"ஒரு துண்டு. வாயில வைச்சுத் துப்பிப்போட்டாள்."

நான் அதை அப்படியே நோர்வே மொழியில் சொன்னேன். ஒரு துண்டைத் துப்பியிருந்தால் வீட்டிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். நிருஜன் பெரிதாக மூச்சு விட்டான். "பாத்தியா?" என்றான்.

மாமா திரும்பிக் குளியலறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். தண்ணீர்க் குழாய் முழு வேகத்தில் திறந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அவர் குடலே வெளியில் வருகிற மாதிரி ஓங்களித்துக்கொண்டிருந்தார்.

பெண் இணைப்பைத் துண்டிக்கப் போனாள். "கொஞ்சம் பொறுங்கள்," என்றேன். என் சத்தம் எனக்கே பலமாகக் கேட்டது. போய்க் குளியலறைக் கதவைக் காலால் உதைத்தேன்.

"யதுர்ஷா!" என்றான் நிருஜன்.

"நீ பேசாதை. மாமா, திறவுங்கோ. ஒரு துண்டைத் துப்பின பிள்ளை இவ்வளவு சத்தி எடுக்காது. நீங்கள் பொய் சொன்னா அவையள் வீட்டில வைச்சிருங்கோ எண்டுதான் சொல்லுவினம். நான் வீட்டில வைச்சிருப்பன். பிறகு?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"பிறகென்ன மாமா? சொல்லுங்கோ. உங்கட பேத்தி. உங்கட வாயால சொல்லுங்கோ."

குழாய் நின்றது. கதவு திறந்தது. மாமாவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். அது இல்லாமல் அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. வயதான யாரோ ஒருவர் மாதிரி நின்றார்.

"கோப்பை முழுக்க," என்றார்.

"என்ன?"

"முழுக்கச் சாப்பிட்டவள். தானாச் சாப்பிடேல்லை. நான் ஊட்டினனான். துப்பினவள். கைக்குது அப்பப்பா எண்டு அழுதவள். நான் சீனி போட்டுத் திரும்பியும் ஊட்டினனான். வாயைப் பொத்திப் பிடிச்சனான்." கண்ணாடியைப் போட முயன்றார். அது காதில் நிற்கவில்லை. "நிருஜனுக்கும் அப்பிடித்தானே ஊட்டினது. பிள்ளை வளர்க்கிறதெண்டா அப்பிடித்தானே."

நிருஜன் தரையைப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கை நினைவிருந்தது என்று நினைக்கிறேன்.

இதைத்தான் பார்னவார்னுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். பூங்கிழங்கை இல்லை. அது யாருக்கும் நடக்கும்.

நான் ஃபோனை அவர் பக்கம் நீட்டினேன். கத்தவில்லை. கத்த நேரமில்லை.

மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய நோர்வே மொழி குசினி மொழி. கட்டளையும் சாமான் பெயரும்தான் அதில் அதிகம். அந்த மொழியில், வினைச்சொற்கள் ஒன்றோடொன்று முட்டிமோத, எல்லாவற்றையும் சொன்னார். துப்பியதையும் சொன்னார். பிடித்ததையும் சொன்னார். பிறகு அதே நிதானக் குரல் கேட்டது: "நீங்களும் சாப்பிட்டீர்களா?"

"ஓம்," என்றார் மாமா தமிழில். பிறகு திருத்தி, "யா."

இரண்டு பேரையும் உடனே அவசர மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னாள். மிச்சக் கிழங்கிருந்தால் அதையும்.

நிருஜன் கார் ஓட்டினான். நான் பின்சீற்றில் பிள்ளையோடு. ஹம்சிகாவின் கண் செருகிச் செருகிப் போனது. நான் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிப் புழுக்களின் பெயர்களைக் கேட்டேன். "சொல்லம்மா, நீளப் புழுவுக்கு என்ன பேர்?" அவள் சொல்லவில்லை. முன்சீற்றில் மாமா ஒரு பொலித்தீன் பையை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் சோஃபியைத் திட்டவில்லை இப்போது.

வரவேற்பு மேசையில் தாதி கேட்டாள், யார் கொடுத்தது என்று. நிருஜன் முந்திக்கொண்டான். "பிள்ளை தானாக எடுத்து..."

"இல்லை," என்றார் மாமா. "நான்."

தாதி அவரைப் பார்த்தாள். எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. திங்கட்கிழமை பார்னவார்னிலிருந்து யாரும் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், வேலையில் நடந்ததை நானே சொல்லிவிடுவது என்று அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன். நிருஜனிடம் சொன்னபோது, "உனக்குப் பைத்தியம்," என்றான். பிறகு, "நானும் வாறன்," என்றான்.

ஹம்சிகாவின் கையில் ஊசி ஏற்றி, திரவம் விட்டு, கட்டிலில் படுக்கவைத்தார்கள். மாமாவையும் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, எழுந்து நடக்கலாம் என்றார்கள். பொழுதுபட, ஹம்சிகாவின் உதட்டுத் தடிப்பு வற்றியது. டொக்டர் வந்து பார்த்து, பெரும்பகுதி சத்தியோடு போய்விட்டது, இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். நான் கதிரையில் சரிந்தேன். கோபம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

தாதி ஒரு சிறு கப்பில் தண்ணீர் கலந்த பழச்சாறு கொண்டுவந்து, கிட்ட நின்ற மாமாவின் கையில் கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வழி விட்டேன். கட்டிலருகே குனிந்தார்.

"கொஞ்சம் குடிக்கிறீங்களோ குஞ்சு?"

ஹம்சிகா கப்பைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

"வேண்டாம்."

மாமாவின் மற்றக் கை பாதி தூரம் உயர்ந்தது. பழக்கத்தில், தலையைப் பிடிக்க. அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது. கப்பை அவளுக்கு எட்டுகிற மாதிரி மேசையில் வைத்துவிட்டு, அவர் ஒரு அடி பின்னால் போய் நின்றார்.