பாயில் கிடந்த பற்றரி

வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீட்டுக்கு மூதூரில் சொந்தக்காரர் குறைவதே இல்லை. கலீலுர் றஹ்மான் போன வருடம், எண்பத்தொன்றில், ஜித்தாவிலிருந்து லீவில் வந்தபோது மச்சான்மார் ஆறு பேருக்கும் இலக்கம் காட்டும் கைமணிக்கூடு கொடுத்தார். இந்த வருடம் அவர் மறுபடி லீவில் வருவதற்குள் அவை ஒவ்வொன்றாக நின்றுபோக, ஆறு பேரும் கையை நீட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். இருபத்தைந்து சதக் காசளவான அந்தத் தட்டைப் பற்றரி ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. அவரோ ஒரு மருந்துக் குளிசைப் போத்தல் நிறையக் கொண்டுவந்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அன்று காலை வந்தவர் முத்தலிப் மச்சான். கலீலுர் றஹ்மான் பாயில் உட்கார்ந்து மணிக்கூட்டின் மூடியைக் கிளப்பி, பழைய பற்றரியைப் பாயில் தட்டிவிட்டுப் புதியதை வைத்தார். ஒன்றரை வயது மகள் றம்ஸியா பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அத எடுத்து வைங்க. புள்ள வாயில போட்டுருவா" என்றாள் மனைவி பரீதா, குசினி அடுப்படியிலிருந்து.

"செத்த பற்றரி, என்ன செய்யப்போகுது? நீ தேத்தண்ணியக் கொண்டா."

தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு இருபத்தைந்து சதக் காசையும் வைத்துவிட்டு முத்தலிப் போனார். கலீலுர் றஹ்மான் வாசல்வரை போய் வழியனுப்பித் திரும்பினார். அதற்குள் றம்ஸியா ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியது.

"அல்லாவே! காச முழுங்கிட்டாவா? பற்றரி எங்க?" என்று பரீதா ஓடிவந்தாள்.

"அத அப்பவே போத்தலுக்குள்ள போட்டுட்டன். காசுதான்."

அவர் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. பரீதா வாழைப்பழம் எடுக்க ஓடியதும் அவர் பாயைத் தூக்கிப் பார்த்தார். காசு அங்கே கிடந்தது. பற்றரியைக் காணவில்லை. காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சொன்னால் பரீதா சும்மா விடுவாளா? மாமா வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது? அதுவும் தகரம், இதுவும் தகரம், தானாக இறங்கிவிடும் என்று தனக்குத் தானே கதை சொன்னார். படித்த மனுசனும் பயத்தில் இப்படித்தான் முட்டாளாகிறான்.

தொண்டையில் மீன் முள் சிக்கினால் வாழைப்பழத்தை விழுங்கக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். றம்ஸியா அதை அப்படியே கக்கினாள். பிறகென்ன, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓட்டம். பத்தரை மணிக்குப் போகும் லோஞ்ச் படகு கயிறு அவிழ்க்கிற நேரத்தில் ஏறினார்கள். திருகோணமலை போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பிள்ளை அழவும் ஏலாமல் முனகினாள். பரீதா மூன்று தரம் கேட்டாள்.

"காசுதானே? வடிவாத் தெரியுமா?"

மூன்று தரமும் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். தொண்டைக்குக் கீழே வட்டமாக ஒன்று தெரிந்தது. டொக்டர் இரத்தினேஸ்வரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காசு மாதிரித்தான் கிடக்கு. மூச்சு சீரா இருக்கு. கக்கிச் சத்தி எடுத்த பிள்ளைக்கு உடனே மயக்க மருந்து குடுக்கிறது நல்லதில்லை. நாளைக்குக் காலமை எடுப்பம். பயப்பிடாதேங்கோ."

பரீதா அப்போதுதான் மூச்சு விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பிள்ளையின் வாயைத் துடைத்தாள். முந்தானையில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. காசு இப்படிக் கறுப்பாகக் கசியாது என்று கலீலுர் றஹ்மானுக்கு உறைத்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டுக் காசை எடுத்து மேசையில் வைத்தார்.

"டொக்டர், காசு இந்தா இருக்கு. புள்ள முழுங்கினது மணிக்கூட்டுப் பற்றரி. எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னனான்."

டொக்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பற்றரியோ? காசெண்டா பேசாமல் கிடக்கும். பற்றரி இருக்கிற இடத்தைப் பொசுக்கும். நாளைவரைக்கும் விட்டிருந்தா தொண்டை ஓட்டையாப் போயிருக்கும்! மிஸ்ஸி, ஒப்பரேசன் தியேட்டரைத் திறக்கச் சொல்லுங்கோ, இப்பவே!" என்று தாதியைக் கூப்பிட்டார்.

தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. பரீதா அவரை விட்டு விலகிக் கதவோரம் போய் நின்றாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். உள்ளே வெந்துபோன புண் ஆறும்வரை மூன்று கிழமை குழாயால்தான் பால் போனது. வீடு திரும்பும் நாளில், லோஞ்சில் பக்கத்தில் இருந்த கட்டைபறிச்சான் ஊர் மனுசி ஒருத்தி, பிள்ளையின் மெலிந்த கழுத்தைப் பார்த்து, "புள்ளைக்கு என்ன?" என்று கேட்டாள். பரீதா கணவனின் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். யார் விசாரிக்கப் போகிறார்கள்?

"பற்றரிய முழுங்கிட்டா" என்றார் கலீலுர் றஹ்மான், லோஞ்ச் சத்தத்துக்கும் மேலாக. "நான் பாயில போட்டது. பொஞ்சாதி சொல்லியும் கேக்கல்ல. புதுசோ பழசோ, பற்றரிய நஞ்சு மாதிரிப் புள்ளைக்கு எட்டாமப் பூட்டி வைக்கணும். முழுங்கிட்டா, வெக்கத்த விட்டுட்டு அந்த நிமிசமே உண்மையச் சொல்லணும். எனக்கு அதுக்கு அரை நாள் எடுத்திச்சு."

பரீதா பிள்ளையை அவர் மடிக்கு மாற்றினாள். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.