கண்ணை இழுக்கும் மஞ்சள்

என் தம்பிக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டான். எழுத்து சரியில்லை, கலர் சரியில்லை என்பான். தன் கல்யாணப் பத்திரிகையையே எழுத்தின் தடிமன் பிடிக்கவில்லை என்று அச்சகத்துக்குத் திருப்பித் திருப்பி அனுப்பி, கடைசியில் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அது வந்து சேர்ந்தது. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நான் போனில் கூப்பிட்டு வந்தவர்கள்.

அவன் வேலை அப்படி. ஒரு விளம்பரக் கம்பெனியில் தலைமை டிசைனர். சோப்பு, செருப்பு, வீட்டுக்கடன் என்று ஊரில் எதை விற்க வேண்டுமானாலும் அதற்குப் போஸ்டர் போடுவது இவன்தான். ரோட்டில் போகிறவனுக்கு ஒரு போஸ்டரைப் பார்க்க மூன்று விநாடிதான் இருக்கிறது, அதற்குள் அவன் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அவனுடைய வேதம். சாப்பிடும்போதும் அதையே சொல்வான். அப்பா நன்றாக இருந்த காலத்தில், "சோத்தைப் பாருடா, அது மூணு விநாடிக்கு மேலயும் தட்டுல இருக்கும்" என்று கிண்டல் செய்வார்.

அந்த அப்பாதான் காணாமல் போனார்.

அவருக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டில்தான் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். காலையில் எழுந்ததும் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார் என்பதால் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். அன்று குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஆள் ஏதோ சாமான் எடுத்துவரக் கீழே இறங்கியவன் கதவைத் திறந்துபோட்டுப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் அப்பா டூட்டிக்குப் போய்விட்டார். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வீட்டிலிருந்து போன் வந்தபோது கையில் யாருடைய சர்க்கரை மாத்திரையையோ வைத்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் சர்க்கரைக்காரர். வேளைக்குச் சாப்பாடும் மருந்தும் இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்க மாட்டார். எனக்கு அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்ட போலீஸ்காரர் நல்ல மாதிரி. "நாங்க தேடறது தேடறோம்மா. நீங்க உடனே நோட்டீஸ் அடிச்சு ஊர் பூரா ஒட்டுங்க. பெரும்பாலும் அதுலதான் கிடைப்பாங்க" என்றார்.

அங்கேயே ஒரு தாளில் எழுதினேன். காணவில்லை. வயது இவ்வளவு. மாநிறம், ஒல்லி உடம்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது புருவத்தில் பழைய தழும்பு. ஞாபக மறதி உள்ளவர். பார்த்தவர்கள் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இந்த நம்பருக்குக் கூப்பிடவும். இதைத் தம்பியிடம் கொடுத்தேன். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்?

அவன் என்னைத் தன் ஆபீசுக்கே கூட்டிப்போனான். கண்ணாடிச் சுவர், வெளியிலிருந்து வந்தால் நடுங்கும் ஏசி, மேசைக்கு மேசை விசிறிபோல விரித்துவைத்த கலர் அட்டைகள். விஷயம் தெரிந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து வந்தார்கள். முதலாளி, "செலவைப் பத்தி யோசிக்காத. ஊர்ல ஒரு சுவரு பாக்கி இருக்கக் கூடாது" என்றார். அவர்கள் மனசைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தம்பி உட்காரும்போது விசும்பிக்கொண்டுதான் உட்கார்ந்தான். வேலை செய்யச் செய்ய அவன் அழுகை நின்றது. சாயங்காலம் அவன் திருப்பிக் காட்டிய திரையில் முழுக்க முழுக்க மஞ்சள். பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். நடுவில் அப்பா முகம், கறுப்பு வெள்ளையில். கீழே இரண்டே வார்த்தை: அப்பா எங்கே? ஓரத்தில் பொடியாக என் போன் நம்பர்.

"காணவில்லைன்னு போடலையா?" என்றேன்.

"போட்டா யாரும் பாக்க மாட்டாங்கக்கா. பஸ் ஸ்டாண்டுல எத்தனை காணவில்லை நோட்டீஸ் இருக்கு, ஒண்ணாவது நின்னு படிச்சிருக்கியா நீ?"

படித்ததில்லை. அது உண்மைதான்.

"நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் எங்கடா? சட்டை கலரு, மறதி, ஒண்ணையும் காணோமே?"

"எழுத்து அதிகமானா கண்ணு ஓடிடும். வெத்திடம் விடணும். அப்பதான் முகத்துக்கு வந்து நிக்கும்."

"புருவத்துல தழும்பு?"

"எடுத்துட்டேன். கண்ணு நேரா அங்க போயிடுது."

"போகட்டுமேடா! அதை வெச்சுத்தானே அடையாளம் கண்டுபிடிப்பாங்க?"

அவன் பெருமூச்சு விட்டான். "நீ கஸ்டமர் மாதிரியே பேசற. எல்லாத்தையும் போடணும்னா எதுவுமே தெரியாதுக்கா. என்னை நம்பு. இத்தனை வருஷம் வேற எதுக்கு இந்த வேலைய கத்துக்கிட்டேன்?"

கொல்லன் தெருவில் ஊசி விற்க நான் யார்? வாயை மூடிக்கொண்டேன். அவன் கெட்டிக்காரன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. மனிதன் கண் எதற்கு நிற்கும், எதற்கு நகரும் என்பது அவனுக்கு அத்துப்படி.

விடியும்போது ஊரே மஞ்சளாகியிருந்தது. பாலத் தூண்களில், பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி வாசலில், டீக்கடைகளில் எல்லாம் அப்பா. சுருக்கம் எல்லாம் நீவிவிட்டது மாதிரி பளபளவென்று, ராஜா மாதிரி இருந்தார். ஒரு நிமிஷம் எனக்கே பெருமையாக இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் தூங்கி வழிந்தவன்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். பார்க்காமல் அதைக் கடந்து போனவர் யாரும் இல்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. இடத்தைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் போனை எடுத்தேன்.

"மேடம், இந்தப் படம் எப்ப ரிலீஸ்?"

எந்தப் படம் என்று கேட்டேன். "அதான், அப்பா எங்கே. ஹீரோ யாருன்னு போடலையே" என்றான்.

அடுத்து ஒரு பெண், இது இன்சூரன்சா என்று கேட்டாள். ஒருவர் முதியோர் இல்லத்தில் மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றார். கல்லூரிப் பசங்க போலிருக்கிறது, பின்னால் ஒரே சிரிப்பு, "அப்பா இங்கதான் இருக்காரு, என்ன பரிசு தருவீங்க?" என்றார்கள். நிஜமாகவே காணவில்லை என்று நான் கத்தினால், "நல்லா பண்றீங்க மேடம்" என்று பாராட்டிவிட்டு வைத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதைக் காதால் கேட்டுக்கொண்டே அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "எல்லாத்தையும் கிழிச்சுப் போடுடா. யாரும் இதை நோட்டீஸ்னு நினைக்கல."

"போன் வருதுல்லக்கா? ஜனங்க கவனிக்கறாங்கன்னுதானே அர்த்தம்? இன்னும் ரெண்டு நாள் விடு, சரியான ஆள் கண்ணுல படும்."

"ரெண்டு நாளா? மருந்தில்லாம அவர் ரெண்டு நாள் தாங்குவாராடா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவன் முதலாளி போனில் வந்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்பா பற்றி ஏதாவது தெரிந்ததா என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப சொல்லக் கூடாதுதான். இந்த மாதிரி பெரியவங்களைப் பாத்துக்கற கம்பெனி ஒண்ணு, அந்தப் போஸ்டரை யார் பண்ணதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். தம்பி "அதெல்லாம் அப்புறம் சார்" என்றுதான் சொன்னான். ஆனால் அவன் முகத்தில் ஒரு விநாடி ஒன்று வந்து போனது. சின்ன வயதில் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வருமே, அது. எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

அறையவில்லை. எழுந்து, மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. முதலில் எழுதிய அதே வரிகள். என்னிடம் இருந்த பழைய போட்டோவை வைத்து அடித்ததில் அப்பா முகம் கரி அப்பியது மாதிரி வந்தது. தழும்பு மட்டும் தெரிந்தது. கடைக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்த மஞ்சள் போஸ்டர்ல இருக்கறவர்தானே? அது விளம்பரம் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அவர் முகம் மாறியது. அடித்ததற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார். இருட்டும்வரை நானே நடந்து நடந்து ஒட்டினேன். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் என் வெள்ளைத் தாள் அழுக்குத் துணிபோலத் தெரிந்தது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறைக் காவலர்.

நானும் தம்பியும் போனோம். அப்பாதான். முந்தின நாள் விடிகாலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் மயங்கிக் கிடந்தவரை லாரிக்காரர்கள் யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வரும்போதே மூச்சு இல்லை. காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. நான் கத்தி அழுதேன். தம்பி அழாமல் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாசல்லயே மஞ்சள் போஸ்டர் இருக்கே. நீங்க பாக்கலையா?"

"எப்படிப் பாக்காம இருப்பேன் சார்? தினமும் அதைத் தாண்டித்தானே வர்றேன். அதுல இருந்தவர் பளபளன்னு இருந்தாரு. இவருக்குப் புருவத்துல தழும்பு. அந்த வெள்ளை நோட்டீஸ்ல தழும்புன்னு எழுதியிருந்துச்சு, அதைப் பாத்துட்டுத்தான் போன் பண்ணேன்."

காரியங்கள் எல்லாம் முடிந்தன. அவன் கம்பெனியிலிருந்து எல்லோரும் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். போஸ்டர்களைக் கிழிக்க ஆள் அனுப்பியிருப்பதாக முதலாளி சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் வந்தாள். முன்பின் பார்த்ததில்லை. நாற்பது வயதிருக்கும். உள்ளே வராமல் கதவோரமே நின்றாள். நெடுஞ்சாலை திருப்பத்தில் டீக்கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். கையில் என் வெள்ளை நோட்டீஸ் கசங்கியிருந்தது.

"இதை இன்னைக்குத்தான்க்கா பாத்தேன். நம்பருக்கு அடிச்சேன், யாரும் எடுக்கல. போலீஸ் ஸ்டேஷன்ல விலாசம் கேட்டுக்கிட்டு வந்தேன். அவரு எங்க கடைக்கு வந்தாருக்கா."

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"எப்ப?" என்றேன்.

அவர் இறந்து கிடந்ததற்கு முந்தின சாயங்காலம்.

"பாத்த உடனே அடையாளம் தெரிஞ்சிருச்சு. எங்க கடைச் சுவத்துலயும் அந்த மஞ்சள் போஸ்டர் ஒட்டியிருந்தாங்களே. நீங்க அந்த விளம்பரத்துல வர்றவர்தானேன்னு கேட்டேன். ஆமாம்னாரு. என்ன கேட்டாலும் ஆமாம்னாரு. சட்டை எல்லாம் அழுக்கு, பட்டன் மாத்திப் போட்டிருந்தாரு. ஷூட்டிங்கிலேருந்து நேரா வர்றாரு போலன்னு நினைச்சோம். நிஜமாவே தொலைஞ்சு போனவர் மாதிரி எவ்வளவு அருமையா மேக்கப் போட்டிருக்காங்க பாருன்னு எங்க கஸ்டமர் ஒருத்தர் சொன்னாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டீ கொடுத்தேன்க்கா. பன் கொடுத்தேன். காசு வாங்கல. எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். கிளம்பும்போது அவரு எங்களைப் பாத்து, 'எனக்கு வீட்டுக்குப் போகணும், வழி தெரியல, யாராவது கூட்டிட்டுப் போறீங்களா'ன்னு கேட்டாருக்கா. போஸ்டர்ல இருக்கறது மாதிரியே நடிச்சுக் காட்டறாருன்னு நினைச்சுட்டோம். நாங்க எல்லாரும்..."

"சொல்லும்மா."

"கை தட்டினோம்க்கா."

தம்பி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கதவைத் தட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. இவள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. பசித்தவருக்கு டீயும் பன்னும் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

"அந்தப் போட்டோ இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் போனைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் கடைசிப் போட்டோ. அவள் இருக்கிறாள், கடைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெடித்த உதட்டோடு, யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டு அப்பா. அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தப் போஸ்டர்.

இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் போனைக் கையில் வாங்கியதும் என் கண் முதலில் அந்த மஞ்சளுக்குத்தான் போனது. அப்பாவை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.