ஐந்நூறு வருஷமாக அசையாத வீடு

எங்கள் வைடன்ஃபெல்ட் ஊர் ஆண்களை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். வலது கிருதா காதுமடலுக்கு நேராக இருக்கும். இடது கிருதா அரை விரல் மேலே ஏறியிருக்கும். பரம்பரைக் குறை ஒன்றுமில்லை. நாங்கள் எல்லோரும் போகிற ஒட்டிலியின் முடிவெட்டும் கடை சந்தைத் திடலில், பழைய மரச்சட்ட வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீடு தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சக்கரம் வைத்த முடிவெட்டு நாற்காலி, உட்கார்ந்திருக்கிற ஆளோடு சேர்ந்து ஜன்னலை நோக்கிக் கிளம்பிவிடும். அதனால் நாங்கள் கழுவுதொட்டியில் காலை முட்டுக்கொடுத்துத்தான் உட்காருவோம்.

சாய்வுக்குக் காரணம் அடிச்சட்டம். தெருப்பக்கத் தூண்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. ஓக் மரம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக மழைத்தண்ணீரைக் குடித்ததில் பேனாக்கத்தி கேக்கில் இறங்குவதுபோல் அதில் இறங்கியது. முதல் பனி விழுவதற்குள் அதை மாற்றாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று நகராட்சிப் பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது செப்டம்பர் கடைசி. ஒட்டிலிக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

மரம் தயாராக இருந்தது. ரைன்ஹில்ட் என்ற கைதேர்ந்த தச்சுக்காரி தயாராக இருந்தாள். நடுவில் டாக்டர் லாம்பர்ட் இருந்தார்.

இவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மரபுக் காப்புச் சங்கத்தின் தலைவர். எங்கள் ஊர் வரலாற்றை மூன்று பாகமாக எழுதியவர். மூன்றாம் பாகத்தில் பாதி அவருடைய புகைப்படம். அந்த வீட்டு வாசலில் அவர் மாட்டிய பித்தளைப் பலகை சொல்கிறது: ‘1491இல் இவ்விடத்தில் எழுப்பப்பட்டது. அன்றுமுதல் ஒரு மர ஆணியும் தொடப்படவில்லை.’ எங்கள் ஊர் விதிப்படி, கட்டிய இடத்திலேயே கைபடாமல் நிற்கிற வீட்டில் உளி படக்கூடாது. முன்பே பிரித்து மாற்றிய வீடு என்றால், சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டு, பழுதுபார்க்கலாம்.

“தொடாம வெச்சா விழுந்துடும் டாக்டர்” என்றாள் ஒட்டிலி.

“விழுந்தாலும் அசலா விழட்டும்மா” என்றார் அவர்.

ரைன்ஹில்ட் தூண்களின் மேலிருந்த பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தாள். மரவீடு செய்கிறவர்கள் முதலில் பட்டறைத் தரையில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு பொருத்திலும் உளியால் எண் வெட்டி, கழற்றி எடுத்துப்போய்த்தான் நிறுத்துவார்கள். அந்த எண்கள் வெளியே வருகின்றன என்று கேள்விப்பட்டதும் டாக்டருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

“சங்கம் மொத்தமும் வரட்டும். ஒண்ணுலேர்ந்து ஒம்போது வரைக்கும் வரிசையா நிக்கும், பாருங்க. பத்திரிகைப் படக்காரரையும் பதினொரு மணிக்கு வரச் சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை பத்தரைக்குச் சங்கத்தார் ஆறு பேரும் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் கைத்தடியால் முதல் தூணைத் தொட்டார்.

“ஒண்ணு.”

இரண்டாவது தூணைத் தொட்டார். “ஏழு.”

மூன்றாவதில் அவர் குரல் இறங்கியது. “நாலு.”

ஒட்டிலி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“தச்சன் குடிச்சிருப்பான்” என்றார் டாக்டர்.

“குடிச்சவன் போட்ட பொருத்து இவ்ளோ இறுக்கமா நிக்காது” என்றாள் ரைன்ஹில்ட். “இது வேற எங்கயோ நின்ன வீடு. பிரிச்சு, வண்டியில ஏத்திட்டு வந்து இங்க பூட்டியிருக்காங்க. பூட்டினவன் எண்ணைப் பாக்கலை, உயரத்தைப் பாத்து நிறுத்திட்டான். இதோ, பழைய ஆணித்துளையை அடைச்சிட்டுப் பக்கத்துல புதுசா போட்டிருக்கான்.”

“எங்கேர்ந்து வந்துச்சாம்?” என்றார் டாக்டர்.

அவள் எண்களின் ஓரத்தைத் தூரிகையால் தட்டினாள். ஒவ்வொரு எண்ணின் வாலிலும் சின்னதாக ஓர் இலை.

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அந்த இலையைத் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹாசல்ரோட ஊரின் சின்னம் அது. அவர்களுடைய தேவாலயக் கோபுரத்தில், தீயணைப்பு வண்டியில், பீர்க் கோப்பையில், எல்லாவற்றிலும் அந்த இலைதான். கடன் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதவனை ‘ஹாசல்ரோடக்காரன்’ என்றுதான் நாங்கள் திட்டுவோம். எங்கள் ஊரின் தலையாய பெருமை அவர்கள் பட்டறைச் சரக்கு.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஜன்னலை நோக்கிக் கிளம்பியது. நாங்கள் பிடித்து நிறுத்தினோம்.

“படம் எடுக்கறவர் பதினொரு மணிக்குத்தானே வர்றார் டாக்டர்?” என்று கேட்டாள் ஒட்டிலி. “இப்பப் பத்தே முக்கால். களிமண் குழைச்சு ஈரமா வெச்சிருக்கோம். நீங்க பழுதுபாக்கற மனுவுல கையெழுத்து போட்டா அஞ்சு நிமிஷத்துல இலையை மூடிடலாம். இல்லேன்னா அவர் வந்து எடுக்கட்டும். வெளிச்சமும் நல்லாருக்கு.”

“இது மிரட்டல்!”

“இல்ல டாக்டர், வரலாறு.”

அவர் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. ‘முன்பே பிரிக்கப்பட்ட வீடு’ன்னு என் கையால எழுதணுமா?”

“எழுதுங்க. சங்கத்து ஃபைலை யாரு படிக்கறாங்க?” என்றாள் ஒட்டிலி.

யாருமே படிப்பதில்லை என்று சங்கச் செயலாளன் என்ற முறையில் நான் உறுதி சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

படக்காரர் வந்தபோது பூச்சு பளபளவென்று இருந்தது. டாக்டர் தூணின்மேல் உள்ளங்கையை வைத்து, தொடுவானத்தைப் பார்த்துக் கம்பீரமாக நின்றார். கையை எடுத்தபோது அது மணிக்கட்டுவரை களிமண். தூணில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. கைபடாத வீட்டில் முதல் கை.

அக்டோபர் நடுவில் எட்டு ஜாக்கிகளை வைத்து வீட்டை நான்கு விரல் தூக்கினார்கள். மூன்று நாள் அது முனகியது, பிறகு பழகிக்கொண்டது. புதிய ஓக் சட்டத்தில் ரைன்ஹில்ட் ‘பத்து’ என்று வெட்டினாள். வாலில் ஓர் இலையும் வெட்டினாள்.

“அதை எதுக்கு?” என்றேன்.

“கூட்டத்துல சேர்ற மரம். அடையாளம் வேணாமா?” என்று சொல்லிவிட்டு, வாசற்படிக் கல்லை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பித்தளைப் பலகையை மெருகு போடுவதாகச் சொல்லி எடுத்துப்போனார்கள். திரும்பி வந்தபோது அதில் ‘1491’ மட்டும் இருந்தது.

பொறியாளர் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, பூட்டு ஆணையைக் கிழித்துப்போட்டார். மறுநாள் முதல் பனி விழுந்தது. முதல் வாடிக்கையாளராக டாக்டர் லாம்பர்ட் வந்தார். தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார், கழுவுதொட்டியில் காலை முட்டுக்கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

ஒட்டிலி துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினாள்.

“காலை எடுங்க டாக்டர். இனிமே எங்கயும் போகாது.”