டிரம்ஸ் கொஞ்சம் முந்துது

எங்கள் வானொலி ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. வானொலி என்றதும் கோபுரம், கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு, உள்பக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தை, இரண்டு மைக், இரண்டு நாற்காலி. ஒலிபரப்பு இணையத்தில். இந்த ஊரில் யார் பாட்டுக் கட்டி அனுப்பினாலும் போடுவோம். பெரிய கம்பெனிப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

கண்ணாடிக்கு வெளியே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் தங்கை. உள்ளே பேசுவது நான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், வந்த பாட்டுகளைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் என் கருத்தைச் சொல்வேன். அந்தக் கருத்துக்காகத்தான் பாதிப் பேர் கேட்கிறார்கள் என்று பேச்சு. நானும் நம்பினேன்.

சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் வாய் வராது. நான் அந்தப் பாட்டுகளைக் கேட்பதில்லை. முதல் வருஷம் கேட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டுக் குறிப்புகூட எடுத்தேன். வாரத்துக்கு இருபது என்று வந்து குவிந்ததும் சலித்துப்போயிற்று. பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மெசேஜ்களுக்குப் பதில் போடுவேன், டீ குடிப்பேன். முடிய பத்து விநாடி இருக்கும்போது தங்கை கையைத் தூக்குவாள். கைவசம் இருக்கும் நாலைந்து வாக்கியங்களில் ஒன்றை எடுத்துவிடுவேன். 'குரல்ல ஒரு உண்மை இருக்கு.' 'நடுவுல கொஞ்சம் நீளுது.' 'டிரம்ஸ் கொஞ்சம் முந்துது.' யார் பாட்டுக்கும் பொருந்தும். ஒருவர்கூடச் சண்டைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. தங்கை சத்தமாகப் படித்தாள். எழுதியவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கிட்டார் வாசித்துப் பாடுவாராம். கணவர் லிஃப்ட் மெக்கானிக், டிரம்ஸ் அவர். எட்டு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர்கள் பாட்டைப் போட்டுவிட்டு, டிரம்ஸ் முந்துகிறது என்று நான் சொன்னேனாம். அதைக் கேட்டு டிரம்ஸை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் தாளம் வைத்துப் புதுப் பாட்டு செய்திருக்கிறார்கள். 'முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல உங்களைப் போல ஆளில்லை' என்று கடிதம் முடிந்திருந்தது.

"அண்ணே, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்றேன். ஒரு வரிகூட ஞாபகமில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு பேரையும் கூப்பிடு, பேட்டி எடுப்போம்" என்றேன். ஊரே கேட்க அவர்கள் வாயால் என்னைப் புகழ வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

சனிக்கிழமை வந்தார்கள். மெக்கானிக் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கம்பெனிச் சட்டைதான், ஆனால் மடிப்பு கலையவில்லை, மனைவி கை. கிட்டாரை அவர்தான் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"நீங்களும் உள்ள வாங்க" என்றேன்.

"வேணாம் சார், நான் வெளியவே உக்காந்துக்கறேன். பாட்டு அவளோடது. நான் சும்மா துணைக்கு."

"டிரம்ஸை என்ன பண்ணீங்க?"

"பக்கத்து ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன் சார். வீட்ல எடத்த அடைச்சுட்டு இருந்துச்சு." சிரித்தார். "நல்லவேளை நீங்க சொன்னீங்க. என் கை முந்துதுன்னு தெரியாம எட்டு வருஷம் அவ பாட்டக் கெடுத்திருக்கேன் பாருங்க."

"பரவாயில்ல" என்றேன். பரவாயில்லையாம்! அவரை மன்னிக்கிற இடத்தில் நான்.

மைக்கில் பேசுவது இணையம் வழியாகக் கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர அரை நிமிடம் ஆகும். வெளியே இருந்த ஒரே ஹெட்போன் தங்கையின் தலையில் இருந்ததால், மெக்கானிக் தன் ஃபோனில் இயர்ஃபோன் மாட்டி எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் உள்ளே நாங்கள் அடித்த ஜோக்குக்கு, நாங்கள் வேறு பேச்சுக்குப் போன பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாகச் சிரித்தார்.

"சரியான ட்யூப்லைட்" என்றார் பாடகி. பிறகு, "சார், புதுப் பாட்டுக்கு முன்னாடி பழசையும் ஒரு தடவை போடுங்க. வித்தியாசம் எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

தங்கை போட்டாள். என் கை பழக்கதோஷத்தில் சத்தத்தைக் குறைக்கப் போனது. எதிரே பாடகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் கேட்டேன்.

இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. டிரம்ஸ் முந்தவே இல்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் பாடகிதான் மூச்சு வாங்கி, அரைத் தட்டு தாமதமாக வந்தார். அவர் வரும்வரை டிரம்ஸ் ஒரு சின்ன உருட்டு உருட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. வந்ததும் கூடவே நடந்தது. அந்தப் பாட்டின் அழகே அதுதான். ஒழுங்காக ஒரு தடவை கேட்ட எவருக்கும் புரிந்திருக்கும். நாலு நிமிடம். எனக்கு அந்த நாலு நிமிடம் பெரிதாகப் போய்விட்டிருந்தது. காது மடல் சுட்டது. நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பாட்டு முடிந்தது. பாடகி மைக்குக்கு நெருங்கி வந்தார்.

"கேட்டீங்களா? எப்படி ஓடறாரு பாருங்க, பஸ்ஸப் பிடிக்கப் போற மாதிரி!"

வெளியே மெக்கானிக் இன்னும் பாட்டுக்குள்ளேயே இருந்தார். கண்ணை மூடி, தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அரை நிமிடத்தில் இந்தக் கேலி அவரிடம் போய்ச் சேரும். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவர் ஓடல" என்றேன். "நான் இந்தப் பாட்ட அன்னைக்குக் கேக்கவே இல்லம்மா. கேக்காமதான் சொன்னேன். இதுதான் முதல் தடவை கேக்கறேன். டிரம்ஸ் சரியா இருக்கு. நீங்கதான் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் லேட்டா வர்றீங்க. அவர் உங்களுக்காக நின்னு நின்னு வாசிக்கிறாரு."

ஒலிபரப்பில், ஊரறிய. தங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடகியின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தோம்.

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார். பஸ் ஜோக் போய்ச் சேர்ந்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்து, மனைவிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு அடுத்தது கேட்டிருக்க வேண்டும். ஒரு இயர்ஃபோனைக் கழற்றிப் பார்த்தார், திரும்பவும் மாட்டிக்கொண்டார். முடியும்வரை கேட்டார். எழுந்து கதவைத் திறந்து உள்ளே வந்தார். நான் மைக்கை மூடவில்லை. மூட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"நான் லேட்டா வர்றது உங்களுக்குத் தெரியுமா?" என்று பாடகி கணவரிடம் கேட்டார்.

"அப்படித்தான் தோணிட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் மனைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"சார் இத்தனை பாட்டு கேக்கறவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். லிஃப்ட் மோட்டார் பக்கத்துலயே நின்னு நின்னு என் காதுதான் போயிடுச்சோன்னு டாக்டர்கிட்டப் போனேன். ரூமுக்குள்ள உக்காரவெச்சு டெஸ்ட் எல்லாம் பண்ணிப் பாத்தாரு. காது நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாரு. நான்தான் அவர நம்பல சார்."