தோற்றால் துவைக்க வேண்டிய ஜெர்சி

லிஃப்ட் மெக்கானிக் இறந்துபோன அதே வாரக் கடைசியில் அவருடைய ஜெர்சி சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது. முதல் பாதியில் கோல் எதுவும் விழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி வேண்டும் என்று, அதில் கிடந்த துணிகளை அள்ளிச் சோபாவின் ஓரத்தில் போட்டது மெக்கானிக்கின் தம்பி. வீட்டில் ஏதாவது பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று தொலைக்காட்சியைப் போட்டதும் அவன்தான். ஆட்டம் தொடங்க நடுவர் விசில் ஊதியதும் துணிக்குவியலின் மேலே கிடந்த கரும்பச்சை ஜெர்சி மெல்ல உப்பியது. முதலில் தொப்பை வந்தது, பிறகு தோள்கள், கடைசியாகக் கைகள். தலை இல்லை, கை முடிகிற இடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. இடது முழங்காலில் பழைய அடி இருந்ததால் மெக்கானிக் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவார். ஜெர்சியும் அப்படியே சாய்ந்தது. பக்கத்தில் இருந்த மாடி வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். ஆட்டம் முடிந்து விசில் ஊதியபோது அது பழையபடி துணியாகச் சரிந்தது. மெக்கானிக்கின் கால்பந்து கிளப் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது.

மெக்கானிக்கின் மனைவி இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் டம்ளர்களைக் கழுவினாள். அவள் அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வரவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விட்டாள். பொட்டலங்களுக்கும் பாட்டில்களுக்கும் மேலட்டை வடிவமைக்கும் அலுவலகம் அது. இருமல் மருந்து, பிஸ்கட், சலவைத் தூள் என்று அந்த நகரத்துக் கடைகளில் கண்ணில் படுகிற பாதிப் பொருள்களின் முகம் அவள் கையில் உருவானதுதான். தெருவில் அவளுக்கு லேபிள் அக்கா என்று பேர். கால்பந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒருவர் காதில் எதுவும் விழாது என்பது மட்டும்தான்.

கிளப்பின் ரசிகர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவனும் இல்லை. ஜெயித்த நாளில் போட்டிருந்த ஜெர்சியைத் துவைக்கக் கூடாது. டிரா என்றால் வெயிலில் காட்டலாம், தண்ணீர் படக் கூடாது. தோற்றால் அன்றைக்கே துவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி நூலில் ஊறிவிடும். கிளப் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்ததால் நகரத்திலேயே சுத்தமான ஆள்கள் இவர்கள்தான். எதிரணிக்காரர்கள் இவர்களுக்கு ‘சோப்பு கோஷ்டி’ என்று பேர் வைத்திருந்தார்கள். மெக்கானிக் செத்த வாரம் என்ன காரணத்தாலோ அந்த வழக்கம் மாறியது. கிளப் ஜெயித்தது. அடுத்த வாரமும் ஜெயித்தது. அதற்கடுத்தது டிரா. மழைக்காலம் வந்து போனது, பால் விலை ஏறியது, கிளப் தோற்கவில்லை. ஞாயிறுதோறும் ஜெர்சி எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சரிந்தது. ஆட்டம் விறுவிறுப்பாக இருந்தால் அதற்கு வியர்த்தது. வியர்வை காய்ந்ததும் கரும்பச்சையின் மேல் வெள்ளையாக ஓர் உப்புக்கோடு நின்றது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோடு, ஒன்றின் உள்ளே ஒன்றாக, கக்கத்தில் தொடங்கி விலா வரைக்கும்.

மெக்கானிக்கின் தம்பி ஆட்ட நாள்களில் தவறாமல் வந்துவிடுவான். ஒருநாள் அவன் மனசில் இருந்ததைச் சொன்னான்.

“அண்ணி, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. கிளப் தோத்து, நீங்க இதைத் துவைச்சீங்கன்னா, அண்ணன் அதோட போயிடுவாருன்னு தோணுது.”

“எனக்கும் அதான் தோணுது.”

“அப்போ?”

“அப்போ தோக்கக் கூடாது. நகரு, மறைக்குது.”

அன்றிலிருந்து லேபிள் அக்கா ஆட்டம் பார்க்க ஆரம்பித்தாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கொழுந்தனை உப்பு டப்பாவையும் தேக்கரண்டிகளையும் வைத்து விளக்கச் சொன்னாள். கோல்கீப்பருக்குச் சளி பிடித்திருப்பதாகப் பத்திரிகையில் வந்தால் அலுவலகத்தில் கை ஓடாது. மற்றபடி அவள் சந்தோஷப்பட்டதாகவும் இல்லை, வருத்தப்பட்டதாகவும் இல்லை. சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையும் பந்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். கிளப் கோல் போட்டால் மூச்சை விடுவாள், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் கிளப்புக்கு ஐம்பது வயது ஆனது. அதற்காக ஒரு சிறப்பு ஜெர்சி வெளியிட முடிவு செய்து, வடிவமைக்கிற வேலையை அவளுடைய அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். முதலாளி அதை அவள் மேசையில்தான் வைத்தார். “உங்க வீட்லதான் அந்தச் சாமானெல்லாம் குவிஞ்சு கெடக்குமே, அதுலேர்ந்து எதையாவது பிடிங்க,” என்றார். குவிந்துதான் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை அப்படியே தூக்கி வந்து மேசையில் கொட்டினாள். மஞ்சள் பட்டை போட்ட மஃப்ளர், மூலை கிழிந்த நுழைவுச்சீட்டுகள், ஊசி துருப்பிடித்த சட்டை பேட்ஜுகள், பழைய மைதானத்தை இடித்தபோது பிடுங்கி வந்த புல் ஒரு பிளாஸ்டிக் உறையில். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தாள், கலைத்துப் பார்த்தாள். நுழைவுச்சீட்டின் எண்களைப் பெரிதாக்கினாள், மஃப்ளரின் பட்டையைக் குறுக்கே ஓட்டினாள், பேட்ஜில் இருந்த சின்னத்தைச் சரிபாதியாக வெட்டினாள். எது செய்தாலும் பிஸ்கட் பொட்டலமாகத்தான் வந்து நின்றது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. கீழ எடை எவ்வளவுன்னு போட்டுட்டா கடையில அடுக்கிடலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து ஜெர்சி சரிந்த பிறகு அவள் அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டு, உப்புக்கோடுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் எடுத்தாள். துணியை அழுத்தக் கூடாது என்பதால் மணிக்கட்டைத் தூக்கியபடியே வரைந்தாள். முதல் கோடு கோணலாக இருந்தது, அது மெக்கானிக் உயிரோடு பார்த்த கடைசி ஆட்டம், டிரா ஆனதால் துவைக்காமல் விட்டது. மற்றவை பிறகு வந்தவை. கரும்பச்சையில் வெள்ளைக் கோடுகள், நடுவே மஞ்சள் பட்டை. வேறெதுவும் சேர்க்கவில்லை. கிளப் செயலாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது என்னம்மா, மலை மேப்பா?”

“வேர்வை சார்.”

“அடடே. அப்படியே விளம்பரத்துல போட்டுடலாம்,” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஜெர்சி கடைக்கு வந்த வாரமே தீர்ந்தது. மறுபடி அச்சடித்தார்கள், மறுபடி தீர்ந்தது. கால்பந்து பார்க்காதவர்களும் வாங்கினார்கள், குழந்தைகளுக்குச் சின்ன அளவில் வந்தது. அதை அணிந்தவர்களுக்கு மழை வருவதற்கு முன்பு இடது முழங்கால் குடைந்தது. வலி தாங்கக்கூடியதாக இருந்ததாலும், குடையை எப்போது எடுக்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்ததாலும் யாரும் ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மருந்துக்கடைகளில் வலித்தைலம் தட்டுப்பாடானது. தைலக் கம்பெனி வியாபாரம் பெருகிய உற்சாகத்தில் புது லேபிள் கேட்டு அவளிடமே வந்தது. கொழுந்தன் ஒரு புது ஜெர்சியை வாங்கி வந்து பழையதன் பக்கத்தில் சோபாவில் போட்டுப் பார்த்தான். விசில் ஊதியும் அது மடிப்புக் கலையாமல் கிடந்தது. பேருந்து நிறுத்தத்திலும் சிக்னலிலும் லேபிள் அக்காவின் முன்னால் முதுகு முதுகாக அந்தக் கோடுகள் நின்றன. எந்தக் கோடு எந்த ஆட்டத்தில் விழுந்தது என்று அவளால் சொல்ல முடியும். ஆனால் அவற்றைப் பார்க்கும்போது அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அச்சில் பச்சை கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

பிறகு கிளப் தோற்றது. புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த ஓர் அணியிடம், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், பின்வரிசைக்காரர் ஒருவர் கையில் பந்து பட்டதால் கிடைத்த பெனால்டியில். விசில் ஊதியது, ஜெர்சி சரிந்தது. லேபிள் அக்கா எழுந்து குளியலறையில் வாளியை எடுத்து வைத்தாள். கொழுந்தன் குறுக்கே வந்து நின்றான்.

“இப்ப எதுக்கு அண்ணி? யாரு வந்து பாக்கப் போறா?”

“அவரு பாப்பாரு.”

“ஒரு வாரம் விடுங்க. ஒரே ஒரு வாரம். எனக்காக.”

விட்டாள். அடுத்த ஞாயிறு விசில் ஊதியதும் ஜெர்சி எப்போதும்போல் உப்பியது. ஆனால் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அப்படியே இருந்தது. கொழுந்தன் சோபாவையே தூக்கித் திருப்பி வைத்தான். அது மறுபடி சுவர்ப் பக்கமே திரும்பியது. தோற்ற ஜெர்சியைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு கிளப்பின் முகத்தில் விழிக்கிற ஆள் இல்லை மெக்கானிக். கிளப் அன்றும் தோற்றது.

செய்தி எப்படியோ வெளியே போய், செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். துவைக்காமல் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் போட்டு அலுவலக முகப்பில் வைப்பதாகச் சொன்னார். கோடுகளுக்கு ஒரு சேதமும் வராது, நூறு வருஷம் அப்படியே இருக்கும் என்றார்.

“பெட்டிக்குள்ள உக்காந்து ஆட்டம் பாக்க முடியுமா சார்?”

“அது எப்படிம்மா, ஊசி குத்தி இல்ல விரிச்சு வெப்போம்.”

அவள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் இருந்த லாண்டரிக்காரரிடம் உப்புக்கறையைப் பற்றிக் கேட்டாள். அவர் நெட்டி முறித்துக்கொண்டே, “மேல படிஞ்சது மொதல்ல போயிடும்மா. அடியில இருக்கறதுதான் லேசுல போகாது,” என்றார். அன்று மாலையே துவைத்தாள். சலவைத் தூள் பொட்டலத்தின் மேலட்டை அவள் வரைந்ததுதான், அதில் ஒரு சட்டை பளிச்சென்று காற்றில் பறந்தது. தண்ணீரில் போட்டதும் கோடுகள் வெளிப்பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கரைந்தன. கோணலாக இருந்த கோடு கடைசியாகப் போனது. தண்ணீரில் லிஃப்ட் கம்பிகளுக்குப் போடும் கிரீஸ் வாசனை வந்தது. அந்த வாளித் தண்ணீரை அவள் கொட்டாமல் இரண்டு நாள் மூலையில் வைத்திருந்தாள். பிறகு வீடு துடைக்க வாளி வேண்டியிருந்தது, கொட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்து பார்க்கத் தைரியம் இல்லை என்றான். காய்ந்து மடித்த ஜெர்சியைச் சோபாவின் ஓரத்தில் விரித்துவிட்டு லேபிள் அக்கா ஒலியைக் கூட்டினாள். விசில் ஊதியது. ஒன்றும் ஆகவில்லை. கார்னர் கிக் ஒன்று வீணானது, ஒருவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார்கள். அதன் பிறகுதான் துணி அசைந்தது. தோள்கள் வந்தன. கைகள் வந்தன. தொப்பை வரவில்லை. வயிற்றுப் பக்கம் ஜெர்சி தொளதொளவென்று தொங்கியது. அது எந்தப் பக்கமும் சாயவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவர் மாதிரி சோபாவின் நுனியில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது.

“வந்து பாரு,” என்று அவள் கூப்பிட்டாள். அவன் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“அண்ணன்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படித்தான் குச்சியா இருப்பாரு. முட்டியில அடிபடறதுக்கு முன்னாடி.”

“அப்போ எனக்கு அவரத் தெரியாதே.”

“அவருக்கும் உங்களத் தெரியாது அண்ணி.”

அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். எதிரணி ஒரு கோல் போட்டது. ஜெர்சியின் தோள்கள் தணிந்து பிறகு நிமிர்ந்தன. இடைவேளையில் விளம்பரங்கள் ஓடத் தொடங்கியதும் அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்தபடியே தன் பெயரைச் சொன்னாள். லேபிள் வடிவமைக்கிற வேலை என்றாள். கால்பந்து அவ்வளவாகத் தெரியாது, இப்போதுதான் பழகுகிறேன் என்றாள். ஜெர்சியின் காலர் கொஞ்சம் அவள் பக்கம் திரும்பியது.

கிளப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. சிறப்பு ஜெர்சி பாதி விலைக்கு வந்து, பிறகு கடைகளில் இல்லாமலே போனது. லேபிள் அக்கா தோற்ற நாள்களில் துவைக்கிறாள், டிரா ஆன நாள்களில் வெயிலில் காட்டுகிறாள். துவைத்த ஜெர்சி அடுத்த ஞாயிறு நுனியில்தான் வந்து உட்காருகிறது, இடைவேளையில் அவள் தன் பெயரையும் வேலையையும் சொல்கிறாள். கிளப் தோற்காத வாரத்துக்கு அடுத்த வாரம் மட்டும் சொல்ல வேண்டியிருப்பதில்லை.