பதின்மூன்றாம் பகுதியில் இடது கை

மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. வருடத்தில் ஒரு நாள்தான் அவனும் ஓர் ஆள். நின்றுபோய் இருபது வருடமான ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ரசிகர்கள், அன்று ஒரு பள்ளி வகுப்பறையை வாடகைக்கு எடுத்துக் கூடுவார்கள். தீர்மானங்களை எழுதுபவன் என்பதால் அங்கே அவனுக்குப் பெயர் 'பதிவேடு'.

கூட்டம் கொண்டாடும் பெரிய கண்டுபிடிப்பும் அவனுடையதே: பதின்மூன்றாம் பகுதியில் மட்டும் விண்கல மருத்துவர் எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறாள், ஆகவே அவள் எதிரிகள் அனுப்பிய நகல்.

இம்முறை அந்த மருத்துவராக நடித்த அம்மாவே வந்திருந்தார். இப்போது துணிக்கடையில் வேலை. கூடியிருந்த பத்தொன்பது பேரும் எழுந்து கைதட்டியதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இடது கையைப் பற்றிக் கேட்டான். நகல்தான் என்று அவர் வாயால் வந்துவிட்டால் போதும், பிறவிப் பயன் கிடைத்த மாதிரி.

"நகலும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. ஷூட்டிங்குக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் வலது கையை முறிச்சுட்டார். வெளியே தெரிஞ்சா வேஷம் போயிடும்னு, மாவுக்கட்டு போட்ட கையைச் சட்டைக்குள்ள மறைச்சு நடிச்சேன். இத்தனை வருஷத்துல அதைக் கவனிச்சவன் நீ ஒருத்தன்தான்."



"அப்போ பதினாறாம் பகுதில கேப்டனை யார் காட்டிக்கொடுத்தது?" என்றது பின்வரிசை. "மொத்தமும் கவுந்துடுமே!"

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் தலைவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "நடிச்சவங்களுக்கெல்லாம் கதை தெரியும்னு சொல்ல முடியாது. நம்ம வழக்கப்படி கையைத் தூக்கி முடிவு பண்ணிடலாம். பதிவேடு, எழுதிக்கோ."

"என் கை உடைஞ்சுதா இல்லையான்னு நீங்க ஓட்டுப் போடப் போறீங்களா?" அந்த அம்மா சிரித்தார். துணைக்குச் சிரிக்க ஆளில்லை.

நகல் என்று பதினான்கு கைகள் எழுந்தன. அவன் கை இல்லாமலே தீர்மானம் நிறைவேறிவிட்டது; சும்மா இருந்திருக்கலாம். அந்த அம்மாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குனிந்த தலை நிமிராமல் கையைத் தூக்கினான். பிறகு முத்துமுத்தாக எழுதினான்: 'நகலே. ஆதரவு பதினைந்து.'

"எழுதிட்டியாப்பா?" அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "அன்னிக்கு எங்க மாமியார் வீட்லயும் இப்படித்தான். எல்லாரும் உட்கார்ந்து பேசி, நான் குளியலறையில வழுக்கி விழுந்தேன்னு முடிவு பண்ணாங்க."

அவன் மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தான்.