கரும்பு வண்டிச் சாலை

மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் ரசாயன ஆலையின் சங்கு ஒலித்தால் ஜூபிலி குடியிருப்பில் எவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது கசிவை எச்சரிக்கும் சங்கின் மாதாந்திரச் சோதனை. ஒரு நிமிடம் ஊதி அடங்கிவிடும். நேபோ மலை ஆலயத்தின் மகளிர் சங்கத்தார் அந்த ஒரு நிமிடத்தையும் விட்டுவைக்காமல் தங்கள் வழிபாட்டுக்குள் இழுத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சங்கு எழும்பும்போது சபை உதவியாளரான டீக்கன் எல்ரிஜ் உணவுக்கு முன்னான ஜெபத்தைத் தொடங்குவார். சங்கு ஓய்ந்த பின்னும் அவர் ஓயமாட்டார். தீர்க்கதரிசிகளையும் நோயாளிகளையும் ஊர் பஸ் ஓட்டுநரையும் பேர் சொல்லி வாழ்த்தி அவர் ஆமென் சொல்வதற்குள் சோறு ஆறிப்போகும் என்பது பெண்களின் தீராக் குறை.

அந்தச் செப்டம்பர் புதனன்று, ஆலயத்தின் பின்கூடத்தில் மேசைமேல் இறாலும் வெண்டைக்காயும் கலந்த கம்போ குழம்பு ஆவி பறந்துகொண்டிருந்தது. ஓசெல்லா நர்சிஸ் அதைத் தொடவில்லை. அவள் முன்னால் பதினான்கு பக்க ஒப்பந்தம் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் அவளுடைய பெயர் அழகாக அச்சிடப்பட்டிருந்தது; அதன் மேலே ஒரு கோடு, அவளுடைய கையெழுத்துக்காக.

அறுபத்துமூன்று வயதான ஓசெல்லா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஆலையிலிருந்து நெடி வரும் நாள், நேரம், காற்றின் திசை ஆகிய மூன்றையும் பதினொரு ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதிவருபவள். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் தலைநகரின் ஈரநிலக் காப்பு அமைப்பு அவளைத் தேடிவந்தது. அவர்களுடைய ஆண்டிதழின் அட்டையில் அவள் படம் வந்தது. பின்னணியில் ஒரு வெண்ணாரை.

"பதினாலு பக்கத்தையும் ரெண்டு தடவ படிச்சேன் கண்ணு," என்றாள் ஓசெல்லா, எதிரே அமர்ந்திருந்த மெரிடித்திடம். "நாரை ஏழு எடத்துல வருது. எங்க ரோடு ஒரு எடத்துலகூட வரலியே?"

மெரிடித் அந்த அமைப்பின் ஊழியர்; முப்பது வயதைத் தாண்டாத வெள்ளைக்காரப் பெண். நல்லவள். மூன்று ஆண்டுகளாக வந்துபோகிறவள், ஆலயத்துக்குள் நுழையும்போது குரலைத் தாழ்த்தத் தெரிந்தவள்.

"ரோடு முக்கியம்தான் மிஸ் ஓசெல்லா, நான் இல்லேங்கல. ஆனா அது சாலைத் துறை பாக்கவேண்டியது. எங்க வேலை தண்ணி, சதுப்பு, பறவை. ரோடை அடுத்த கட்டத்துல எடுத்துக்கலாம்."

"அடுத்த கட்டம்னா எப்போ? நான் வீட்ல இருக்கும்போதா, கல்லறையில இருக்கும்போதா?"

"ரெண்டும் அந்த ரோட்டு மேலதான இருக்கு," என்றாள் பியானோ வாசிக்கும் லவீனியா, அப்பத்தைப் பிட்டபடி. கூடத்திலிருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு அடியில் கிடந்தது இதுதான். ஜூபிலிக்கு மேற்கே ஆறு, வடக்கே ஆலை, தெற்கே இருப்புப்பாதை, கிழக்கே சதுப்பு. வெளியே போக ஒரே சாலை, அது இருப்புப்பாதையைக் குறுக்கே கடக்கிறது. ஆலைக்கு வரும் நீண்ட டாங்கர் ரயில் சில நாட்களில் மணிக்கணக்காகக் கடவையின் மேல் நின்றுவிடும். அப்போது எஞ்சும் வழி ஒன்றே: கல்லறைத் தோட்டத்தின் பின்னாலிருந்து சதுப்பின் ஊடே நெடுஞ்சாலைக்குப் போகும் பழைய மண்சாலை. அடிமைத்தளை அறுந்த கறுப்பின முன்னோரின் முதல் தலைமுறையினர் தங்கள் சொந்தக் கரும்பைச் சொந்த வண்டியில் ஏற்றிச்சென்ற சாலை. சென்ற ஆண்டு, நாரைகள் கூடு கட்டும் பருவத்துக்கு மட்டும் என்று சொல்லி ஈரநில அமைப்பு அங்கே ஓர் இரும்புக் கதவை நிறுத்தியது. பருவம் முடிந்தது, கதவு திறக்கவில்லை. இந்த ஒப்பந்தத்தில் ஓசெல்லா குடியிருப்போர் சார்பில் கையொப்பமிட்டால் சதுப்பு முழுவதும் என்றென்றைக்கும் காப்பிடமாகும். சாலை அதற்குள் புதைந்துவிடும். இன்று மாலை ஐந்துக்குள் கையொப்பமிடாவிட்டால், ஆலை கட்டவிருக்கும் புதிய பிரிவுக்கு எதிரான வழக்கிலிருந்து அமைப்பு தன் வழக்கறிஞரை விலக்கிக்கொள்ளும். ஜூபிலிக்கு வேறு வழக்கறிஞர் கிடையாது.

"இத்தன வருஷமா இந்த இயக்கத்துல உங்களுக்கெல்லாம் ஒரு நாற்காலிகூட இல்ல," மெரிடித்தின் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "இப்பதான் முதல் தடவையா உங்க ஊர்ப் பேரு பத்திரத்துல வருது. இத நழுவ விட்றாதீங்க."

ஓசெல்லா பேனாவை எடுத்தாள். அது கையில் கனத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கும் அறையில் ஒருத்திக்கு நாற்காலி கிடைத்தால் அவள் அதில் எந்தத் திசை நோக்கி உட்காருவாள் என்று எண்ணிப் பார்த்தாள்.

அப்போது சங்கு ஒலித்தது.

மெரிடித் துள்ளி எழுந்தாள். கையில் கார்ச்சாவி. "என்னது? கிளம்பணுமா?"

"உக்காரு கண்ணு, உக்காரு," ஓசெல்லா அவள் முழங்கையைப் பற்றி இருத்தினாள். "முதல் புதன்கிழமை. சோதனைக்கு ஊதுறான். நீ ஓடினா டீக்கன் கோவிச்சுக்குவாரு."

"என் ஜெபத்துல பாதியில எந்திரிச்சவங்க யாரும் உருப்பட்டதில்ல," என்றார் டீக்கன் எல்ரிஜ். எழுபத்தெட்டு வயதின் நெடிய உடலை நிமிர்த்திக் கண்களை மூடினார். பத்துத் தலைகள் தாழ்ந்தன. பதினொன்றாவதாக மெரிடித்தின் தலையும் தாழ்ந்தது. டீக்கன் படைப்பிலிருந்து தொடங்கினார். ஆற்றை உண்டாக்கியவரைத் துதித்தார். இறாலை உண்டாக்கியவரைத் துதித்தார். விருந்தாளியை வாழ்த்தினார், அவளுடைய தாய் தந்தையரையும் காரின் டயர்களையும் வாழ்த்தினார். கடைசியில் குரலை இறக்கி, "ஆமென்," என்றார்.

"ஆமென்," என்றது கூடம்.

சங்கு ஓயவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருபது ஆண்டுகளில் டீக்கனின் ஜெபத்தை வென்ற சங்கு இல்லை. லவீனியாவின் கையிலிருந்த அப்பம் கிண்ணத்துக்குள் விழுந்தது. அப்போதுதான் சன்னல் ஏசியின் வழியே அது உள்ளே வந்தது: நீச்சல் குளத்தை ஒரு கரண்டியில் காய்ச்சி மூக்கருகே நீட்டினாற்போன்ற குளோரின் நெடி.

"ஏசிய அணை!" ஓசெல்லா கத்தினாள். "கதவ சாத்து! டீக்கன், டேப்பு!"

மெரிடித்தின் கைப்பேசி அலறியது, தொடர்ந்து எல்லாருடையதும். உள்ளேயே இருக்கவும், கதவு சன்னல்களை அடைக்கவும், மறு அறிவிப்பு வரும்வரை வெளியேற வேண்டாம். நேரம் பன்னிரண்டு பதினொன்று. ஜெபம் நீடித்த அளவு.

ஜூபிலியில் பிறந்தவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்னல்களின் விளிம்பில் டேப்பு ஓடியது. கதவிடுக்குகளுக்கு ஈரத்துணி வேண்டும். சமையலறைக் குழாயோ நூலாய்ச் சொட்டியது. லவீனியா ஆலயத்துக்குள் ஓடிப் பாடகர் குழுவின் பத்தொன்பது அங்கிகளையும் வாரிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவெனப் பிரசங்க பீடத்தின் பின்னே தொட்டி நிறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதில் அங்கிகளை முக்கிப் பிழிந்து கதவடியில் திணித்தார்கள். பொன்னோரம் தைத்த செவ்வங்கிகள், கரையில் கிடக்கும் மீன்களைப் போல வாசல்தோறும் கிடந்தன.

"கர்த்தர் மன்னிச்சிருவாரு," என்றாள் லவீனியா மூச்சிரைக்க. "துவைக்கிறவ நானு. நான்தான் மன்னிக்க மாட்டேன்."

மெரிடித் கார்ச்சாவியை இறுகப் பிடித்தபடி முன்வாசலருகே நின்றாள். "ரெண்டு நிமிஷத்துல காரெடுத்துத் தாண்டிரலாம். இங்க அடைஞ்சு கெடக்கறத விட..."

டீக்கன் சன்னல் கண்ணாடி வழியே விரல் நீட்டினார். தெற்கே, சாலையின் கடைக்கோடியில், கறுப்பு டாங்கர்கள் கடவையை அடைத்து நின்றன. அவற்றின் முடிவு இருபுறமும் தெரியவில்லை.

"சங்கு ஊதினா ரயில அப்படியே நிறுத்திருவாங்க," என்றார். "அதுதான் சட்டம். ஓடுற ரயிலு நிக்க நேரம் புடிக்கும், நீ எந்திரிச்சப்ப அது கடவைய எட்டியிருக்காது. நாங்க உன்ன உக்கார வச்சு ஜெபம் பண்ணிட்டோம்."

ஓசெல்லாவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. உக்காரு கண்ணு என்றது அவள். பதினொரு ஆண்டுகள் காற்றின் திசையை எழுதியவள், சங்கை மாத்திரம் கிழமையைப் பார்த்து நம்பிவிட்டாள்.

"வேற வழி இருக்குமே," மெரிடித்தின் குரல் உடைந்தது. "இருக்கணும். ஏதாவது ஒண்ணு!"

"இருக்கு," என்றாள் ஓசெல்லா. "கல்லறைக்குப் பின்னால. வாசல்ல பூட்டு தொங்குது. உங்க பூட்டு."

மெரிடித் தன் கையிலிருந்த கார்ச்சாவியைப் பார்த்தாள்.

"சாவி எங்க கண்ணு?"

"ஆபீஸ்ல," என்றாள் மெரிடித். "தலைநகர் ஆபீஸ்ல... ஒரு டிராயர்ல."

"நாரைக்கு றெக்க இருக்கு," என்றாள் லவீனியா, எவரையும் பாராமல், அங்கியை இடுக்கில் திணித்தவாறே. "எங்களுக்குத்தான் ரோடு வேணும்."

ஏசி நின்ற கூடம் அடுப்பானது. வியர்வை முழங்கை வழியே வழிந்தது. கம்போவில் ஆடை படிந்தது. லவீனியா மூடிய பியானோவின் மேல் விரல்களை ஓசையின்றி ஓட்டினாள். கூடத்திலிருந்த பெண்கள் அது எந்தப் பாடலென்று அறிந்து உதடு மட்டும் அசைத்தார்கள். பாடினால் மூச்சு செலவாகும். ஓசெல்லா மெரிடித்தை அருகில் இருத்தி ஈரத்துணியை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இன்னும் கார்ச்சாவியை விடவில்லை. முதல் தடவை எல்லாரும் எதையாவது பற்றிக்கொள்வார்கள். இந்த ஆலயத்துக்குப் பெயர் வைத்த முன்னோரை எண்ணினாள். நேபோ மலை, வேதாகமத்தில் தீர்க்கதரிசிக்கு வாக்களித்த நாட்டைக் கண்ணால் காட்டிக் காலை வைக்கவிடாத மலை. தெரிந்தேதான் வைத்தார்களோ?

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆபத்து நீங்கியதாகச் செய்தி வந்தது. சிறு கசிவு; எவருக்கும் பாதிப்பில்லை. டேப்பை உரித்துக் கதவைத் திறந்தார்கள். தெற்கே டாங்கர்கள் நின்றது நின்றபடியே இருந்தன.

டீக்கன் தம் பழைய வண்டியின் பின்புறத்திலிருந்து நீண்ட கைப்பிடிகள் கொண்ட இரும்புவெட்டியை எடுத்து வந்தார். "ஒரு வருஷமா கேக்குறேன் சிஸ்டர். அவங்க நம்ம கூட்டாளிங்க, மனசு கோணக்கூடாதுன்னு நீதான் தடுத்த. இப்பவாவது வெட்டவா?"

ஓசெல்லா மெரிடித்தைப் பார்த்தாள். மெரிடித் தலையை அசைத்தாள். ஆம் என்றா, தெரியாது என்றா, சொல்ல முடியவில்லை.

"வெட்டுங்க," என்றாள் ஓசெல்லா.

பூட்டு எளிதாக அறுந்தது. மூவரும் நடந்தார்கள். இருபுறமும் ஆளுயரக் கோரை. நடுவில் அழுந்திய பழைய வண்டித்தடம். ஓசெல்லாவின் கால்களுக்கு அது நினைவிருந்தது. கால் மைல் கடந்து சாலை வளைந்தது. வளைவைத் தாண்டியதும் டீக்கன் நின்றுவிட்டார்.

சாலை அங்கே இல்லை. தண்ணீர் இருந்தது. முப்பதடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். அடியில் கிடந்த மதகுக் குழாய் பெயர்க்கப்பட்டுக் கரையோரம் துருவேறிக் கிடந்தது. இருபுறமும் வரிசையாக நட்ட குச்சிகளில் அமைப்பின் பச்சை நாடாக்கள் தொங்கின. அக்கரையில் நாரைகள், வெண்மையாக, ஒற்றைக்காலில், எந்தக் குற்றமும் இல்லாமல் நின்றன.

"கையெழுத்துக்கு அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கும்னு சொன்னாங்க," மெரிடித் முணுமுணுத்தாள். "எங்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. சத்தியமா மிஸ் ஓசெல்லா, எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியுது கண்ணு."

துருவைப் பார்த்தே ஆறு மாதமாவது ஆகியிருக்கும் என்றார் டீக்கன். ஆறு மாதம். அட்டைப்படம் எடுக்க அவளை நாரையின் முன் நிறுத்திய மாதத்துக்கு முந்தியது. அவளுடைய பெயரை அச்சடிப்பதற்கு முன்பே குழாயைப் பெயர்த்தாகிவிட்டது. அந்தக் கோடு அவளுடைய சம்மதத்துக்காகப் போடப்பட்டதல்ல. பத்திரத்துக்கு ஓர் அலங்காரமாகப் போடப்பட்டது.

இனி என்ன? கையொப்பமிட்டால் இந்தத் தண்ணீர் நியாயமாகும். இடாவிட்டால் இந்தத் தண்ணீரோடு ஆலையின் புதிய பிரிவும் வரும். தடுக்க வழக்கறிஞர் இருக்கமாட்டார். இரண்டிலும் தண்ணீர் இருந்தது.

"காகிதத்தக் குடு," என்றாள்.

மெரிடித் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஓசெல்லா பெயர்ந்த குழாயின் மேல் அமர்ந்து கடைசிப் பக்கத்தை முழங்காலில் விரித்தாள். கையெழுத்துக்கான கோட்டின் மேல், நோட்டுப் புத்தகத்தில் எழுதும் அதே சிற்றெழுத்தில் எழுதினாள்: புதன். சங்கு 12.00. கடவையில் ரயில் 12.11க்குள். வடக்குக் காற்று. உள்ளே பன்னிரண்டு பேர். ஆபத்து நீங்கியது 2.10. கரும்புச் சாலை, கால் மைலில் நீர், அகலம் முப்பதடி. பார்த்தவர்கள் என்று எழுதித் தன் பெயரையும் எல்ரிஜின் பெயரையும் சேர்த்தாள். பிறகு பேனாவை மெரிடித்திடம் நீட்டினாள்.

"நீயும்தான பாத்த?"

மெரிடித் பேனாவை வாங்கவில்லை. "நான் கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை இருக்காது மிஸ் ஓசெல்லா. இப்படி எழுதின பத்திரத்த அவங்க ஏத்துக்கவும் மாட்டாங்க."

"தெரியும்."

ஒரு நாரை எழுந்து, சாலை இருந்த இடத்தின் மேலாக நிதானமாகப் பறந்து, மறுகரையில் இறங்கியது. மெரிடித் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா ஓசெல்லாவின் கையிலேயே நீட்டியபடி இருந்தது.

"அவசரமில்ல," என்றார் டீக்கன் எல்ரிஜ், இரும்புவெட்டியைத் தோளில் சாய்த்து. "இந்த ரயிலு சாயங்காலத்துக்கு முன்ன நகராது. கம்போவ சுட வைக்கச் சொல்றேன்."

ஓசெல்லா பேனாவை மூடாமலே எழுந்தாள்; பார்த்தவர்களில் மூன்றாவது பெயருக்கான இடம் காலியாக இருந்தது. மெரிடித் கையை நீட்டவில்லை. மூவரும் ஆலயத்தை நோக்கித் திரும்பி நடந்தபோது, லவீனியா கொடியில் உலர்த்திய பத்தொன்பது செவ்வங்கிகளும் காற்றில்லாமல் அசையாது தொங்குவது கல்லறைகளுக்கு அப்பால் தெரிந்தது. அவற்றுக்கும் பின்னால் டாங்கர்கள்.